பீடை பிடித்த தட்டு

எங்கள் ரேடியோ நிலையத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது இரவு ஷிப்ட் ஆபரேட்டரின் வேலை. அன்றைக்கு நான் ஊற்றவில்லை. தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது விடிந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காலை நிகழ்ச்சிக்கான இசைத்தட்டுகளை வரிசையாக அடுக்கினேன். மேலே இருந்தது எக்லே போஸ்கானின் தட்டு. அவளுடைய முதல் தனி ஆல்பம். உறையில் வெள்ளைச் சட்டை போட்டு, காலி அறை ஒன்றில் தனியாக நிற்கிறாள். அன்று திங்கட்கிழமை, ஜூலை மாத நடு, எண்பத்தெட்டாம் வருடம். காலை ஆறே முக்காலுக்கு அதன் முதல் பாட்டு எங்கள் நிலையத்தில்தான் முதன்முதலாக ஒலிபரப்பாக இருந்தது.

எக்லேயை எங்கள் ஊர் மராகாய்போவில் தெரியாதவர்கள் கிடையாது. கிறிஸ்துமஸ் காலத்துக் கைத்தாப் பாட்டுக் குழு ஒன்றில் ஒன்பது வருடம் பாடியவள். சிவப்புக் கோட்டு போட்ட பதினோரு ஆண்கள், முன்னால் இவள் ஒருத்தி. செப்டம்பர் பிறந்துவிட்டால் இந்த ஊர் ரேடியோக்களில் கைத்தாவைத் தவிர வேறெதுவும் ஓடாது, கிறிஸ்துமஸ் போய் ஜனவரி வரும்வரைக்கும். ஒவ்வொரு வருடமும் அந்த நாலு மாதம் அவள் குரல் ஊரெல்லாம் கேட்கும். மிச்ச எட்டு மாதம் அவளை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. பிப்ரவரியில் குழுவை விட்டு வெளியே வந்தாள். தலைநகர் கராகாஸுக்குப் போய் நாலு மாதம் தங்கி, காதல் பாட்டு எட்டும் ஆட்டப் பாட்டு இரண்டுமாகப் பதிவு செய்துகொண்டு வந்தாள். குழுக்காரர்கள் அவளை நன்றி கெட்டவள் என்றார்கள். என் மனைவி நில்சா கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச காலம் அதே குழுவில் அவளுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவள். நில்சா மட்டும்தான், "போடி, போய்ப் பாடிட்டு வா" என்று சொல்லிப் பேருந்து ஏற்றிவிட்டாள்.

பகல் ஆபரேட்டர் திங்கட்கிழமைகளில் நேரத்துக்கு வந்ததே இல்லை. அதனால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அறிவிப்பாளர் ரிக்ஸியோ. அவன் எக்லேயின் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, பெருமை பேசி முடித்து விரலை நீட்டினான். நான் ஊசியை வைத்தேன்.

இரண்டாவது நிமிடத்தில் மின்சாரம் போனது. எங்கள் ஊரில் அது செய்தியே இல்லை. ஜெனரேட்டர் தானாகப் பிடித்துக்கொண்டு உறுமியது. பதினோரு நொடி உறுமியது. பிறகு இருமியது. நின்றுவிட்டது.

ஐம்பத்திரண்டு நிமிடம் நிலையம் ஊமையாகக் கிடந்தது. எக்லே தன் வீட்டு ஜன்னலில் ரேடியோவை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, தெருவுக்கே மந்தோகாப் பலகாரம் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி தோன் அஸ்தோல்ஃபோ வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார்.

"எவன்டா டூட்டியில?"

"நான்தான் முதலாளி."

"நீயா எந்தெர்? தூங்கினதுக்கு உனக்கு ரெண்டு தடவை எழுத்துல குடுத்திருக்கேன். மூணாவது என்னன்னு தெரியுமில்ல?"

தெரியும். நில்சாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே நாற்காலி இதுதான். வாய் தானாக வேலை செய்தது.

"ராத்திரி பூரா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு முதலாளி. இந்தத் தட்டு மேல ஊசிய வெச்சேன். அவ்வளவுதான். எல்லாம் போச்சு."

கதவோரம் நின்றிருந்த ரிக்ஸியோ "ஸாப்பே!" என்று கத்தி, கதவு மரத்தை மூன்று தரம் தட்டினான். பீடையை விரட்ட எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற சொல் அது. மரத்தைத் தொடுவதும் அதற்குத்தான். "கராகாஸ்ல பீடையையும் சேத்து ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துட்டா போல மச்சான்!"

சிரித்தோம். நானும்தான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"போன வாரம் உறையிலேருந்து எடுக்கறப்பவே மேஜை விளக்கு ஃப்யூஸ் போச்சு" என்றேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

தோன் அஸ்தோல்ஃபோ சிரிக்கவில்லை. பீடை என்று மயிலிறகு வைத்திருக்கிற வீட்டுக்குள் அவர் கால் வைக்க மாட்டார். கிளிஞ்சல் மாலை போட்ட ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்க மறுத்தவர். தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதை எடுத்து வெளிய வை. கையால தொடாதே. துணிய வெச்சு எடு."

என் வேலை தப்பித்தது.

*

எங்கள் நிலையத்துக்கு எதிரே ஒரு அரேபாக் கடை உண்டு. பக்கத்துத் தெருக்களில் இருக்கிற மூன்று ரேடியோ நிலையத்துக்காரர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். மதியத்துக்குள் விளக்கு ஃப்யூஸ் போன கதை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த கதையாகியிருந்தது. சாயங்காலம் ஒருத்தன் என்னிடமே வந்து, "உன் கையில ஷாக் அடிச்சுதாமே, காட்டு பாப்போம்" என்றான். காட்ட எதுவும் இல்லை. "லேசாத்தான்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துத் தட்டுக்கு ஞானஸ்நானம். புதுத் தட்டு வந்தால் குழந்தைக்குச் செய்வதைப் போலவே இங்கே செய்வார்கள். தட்டுக்கு ஒரு ஞானத்தந்தை வேண்டும். இசைத்தட்டுக் கம்பெனி கராகாஸிலிருந்து ஒரு நடிகனை அனுப்பியது. ஒன்பது மணி டி.வி. தொடரின் நாயகன். பெண்கள் அவன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருந்த சமயம் அது.

ஹோட்டல் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது இருபத்திரண்டு பேர். ரேடியோக்காரர்களில் நானும் இன்னும் மூன்று பேரும். எக்லே அதே வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பிடித்து உள்ளே அனுப்பினாள். நில்சாவின் வயிற்றைத் தடவினாள்.

"என்னடி, எப்ப வெளிய வர்றானாம்?"

"உன் பாட்டு முதல் இடத்துக்கு வந்தப்புறம்தான் வருவேன்னு அடம் பிடிக்கிறான். ஞானத்தாய் பெரிய பாடகியா இருக்கணுமாம்."

நில்சா அவளைத்தான் குழந்தைக்கு ஞானத்தாயாகக் கேட்டிருந்தாள். எக்லே என்னைப் பார்த்து, "கேட்டியா எந்தெர், பொறக்கறதுக்கு முன்னாடியே உன் புள்ளைக்குத் திமிர்" என்றாள்.

வெள்ளித் தட்டில் இசைத்தட்டை வைத்தார்கள். நடிகன் ஒரு கிண்ணம் ரோஜா இதழும் ஒரு பாட்டில் ரம்மும் அதன்மேல் கொட்டினான். நன்றாகப் பேசினான். காமிராக்காரன், "சார், ஒரு அடி பின்னால" என்றான். நடிகன் ஒரு அடி பின்னால் வைத்தான். ரம்மில் ஊறின இதழின் மேல் வைத்தான். மேடை இரண்டடி உயரம்கூட இருக்காது. விழுந்த சத்தத்தில் எலும்பின் சத்தம் தனியாகக் கேட்டது.

யாரோ ஒருவர் மெதுவாக "ஸாப்பே" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன.

காரை எலும்பு முறிந்திருந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்பது மணித் தொடரில் அவன் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூக்குக்கட்டு போட்டுக்கொண்டு வந்தான். குதிரையிலிருந்து விழுந்ததாகக் கதையில் எழுதிச் சேர்த்திருந்தார்கள். எந்தக் குதிரை என்று நாட்டுக்கே தெரிந்திருந்தது.

கம்பெனிக்காரர் கொரோந்தோனா ஊருக்குத் திரும்பும் முன் எக்லேயிடம் விஷயத்தைச் சொன்னார். நல்ல மனிதர். சட்டை மடிப்புக் கலையாமல் பேசுகிறவர். நில்சாவும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம்.

"பாரும்மா, எனக்கு இந்தப் பீடை கீடைல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா சொந்த ஊரே கேக்காத பாட்டை கராகாஸ்ல எவன் கேப்பான்? ஆகஸ்ட் முடியறதுக்குள்ள இந்த ஊர்ல ஒரே ஒரு ஸ்டேஷன், நேயர்கள் ஓட்டுப் போடற வாரப் பட்டியல்ல ஏத்தினா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஏத்தலேன்னா?"

"தட்டெல்லாம் ஆலைக்குத் திரும்பும். நடுவுல இருக்கற காகிதத்தை வெட்டி எடுத்துட்டு உருக்கிடுவாங்க. இப்ப பிளாஸ்டிக் சரக்குக்குத் தட்டுப்பாடு. கைத்தா சீசனுக்கு வேற ஏகப்பட்ட தட்டு அடிக்கணும்."

"ரெண்டாவது ஆல்பம்?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

குழுவுக்குத் திரும்பவும் வழியில்லை. அவள் இடத்தில் பத்தொன்பது வயதில் ஒருத்தியைச் சேர்த்துச் சிவப்புக் கோட்டுக்காரர்கள் புதுத் தட்டும் பதிவு செய்துவிட்டார்கள்.

*

ஆகஸ்ட் முழுக்க எக்லே ஒரு துணிப் பையில் தட்டுகளைச் சுமந்துகொண்டு நிலையம் நிலையமாக ஏறி இறங்கினாள். அவள் வருவதை ஜன்னலில் பார்த்ததும் அறிவிப்பாளர்கள் பென்சிலைத் தேடினார்கள், மேஜைக் காலைத் தேடினார்கள். மரம் கிடைக்காதவன் தொடை நடுவில் கை வைத்துக்கொண்டான். ஒரு நிலையத்தில் தட்டை வாங்காமல் தரையில் வைக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் அவள் பெயரையே சொல்லாமல் "அந்தம்மா" என்றார்கள். பெயர் சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம்.

எங்கள் நிலையத்துக்கும் வந்தாள். தோன் அஸ்தோல்ஃபோ படியிறங்கிப் போய் வாகனம் நிறுத்துமிடத்திலேயே அவளை மடக்கிப் பேசி அனுப்பினார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். நாற்பது டிகிரி வெயில். அவர் ஒரு குடைக்குள். அவள் வெளியே.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பை உதறிவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து மால்ட்டா பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"என் பேரைச் சொல்லவே பயப்படறானுங்கடி. ஒம்போது வருஷம் என் கூட உக்காந்து தின்னவனுங்க."

"அரைக் கிறுக்கனுங்க. விடு" என்றாள் நில்சா.

"விட்டா பாட்டு எங்கருந்து ஓடும்? இது எங்க ஆரம்பிச்சுது தெரியுமா? இவங்க ஸ்டேஷன்ல." என் பக்கம் திரும்பினாள். "எவனோ ஒரு நாய் எதையோ சொல்லியிருக்கான். எந்தெர், யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"அங்க பத்துப் பேரு இருக்கான்" என்றேன்.

"தெரிஞ்சா சொல்லு. அடிக்க மாட்டேன். வந்து ஒரே ஒரு தடவை, நான் சும்மா சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா போதும்."

நில்சா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எக்லே கையெழுத்துப் போட்டுத் தந்த ஒரு தட்டு எங்கள் படுக்கையறை அலமாரி மேல் இருந்தது. அதற்கு முந்தின வாரம் நில்சாவைப் பரிசோதித்த டாக்டர் ரத்த அழுத்தம் அதிகம் என்றார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்று நில்சா குளிக்கப் போன நேரத்தில் நான் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் துணி துவைக்கிற தொட்டிக்கு அடியில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். கதை கட்டியது நான். ஃப்யூஸ் போகவில்லை, ஷாக் அடிக்கவில்லை, ஜெனரேட்டரில் டீசல் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். அடுத்த நாள் அது மறுபடியும் அலமாரி மேல் இருந்தது. நில்சா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எக்லே போனபின் கேட்டாள்.

"அந்த நாய் யாரு?"

சொன்னேன். டீசலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். அவள் கத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கே போய் முதலாளிகிட்டச் சொல்லு."

"வேலை போயிடும் நில்சா."

"போனா எங்கண்ணன் கூட மீன் லாரி ஏத்து. அவனும் சோறு தின்னுட்டுத்தான் இருக்கான்."

"எக்லேகிட்டயும் சொல்லணுமா?"

"முதல்ல பாட்டு ஓடட்டும். அப்புறம் நானே சொல்றேன். நீ சொன்னா பாதிதான் சொல்லுவே."

*

தோன் அஸ்தோல்ஃபோ தன் அறையில் தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். விதைகளை ஒவ்வொன்றாகக் கத்தி முனையால் நோண்டி எடுத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"இதைச் சொல்லத்தான் வந்தியா? டேங்க் காஞ்சு கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டா. உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே மொட்டை மாடிக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

நான் அவர் மேஜைக்கு அருகில் போனேன்.

"தெரிஞ்சுமா அந்தத் தட்டை வெளிய வைக்கச் சொன்னீங்க?"

"டேங்க்ல டீசல் இல்லைங்கறது சரி. ஏன் இல்லை? நீ தூங்கினே. நீ ஆறு வருஷமா இங்க இருக்கே, ரெண்டு தடவைதான் தூங்கி மாட்டினே. மூணாவது தடவை அந்தத் தட்டு போடற அன்னைக்கா பாத்துத் தூங்கணும்? சொல்லு."

"முதலாளி, அது வந்து..."

"நடிகன் கை? அதுக்கும் நீதான் டீசல் ஊத்தலையா?"

தர்பூசணியில் ஒரு துண்டை வெட்டி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது.

"சரி, உன் மனசு உறுத்துது. ஒரு தடவை போட்டுடு. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம், வாரப் பட்டியல் நிகழ்ச்சியில. பகல்காரனுக்கு லீவு குடுக்கறேன், நீயே உக்காரு. நான் பண்ணைக்குப் போயிடறேன், இங்க இருக்க மாட்டேன். போன் வந்தா பட்டியல்ல சேத்துக்கலாம். ஏதாவது ஆச்சுன்னா அது உன் தலையில."

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு அது. அதைவிட்டால் வேறு ஞாயிறு இல்லை.

நில்சா எக்லேயிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த கூச்சல் எனக்கு வாசல்வரை கேட்டது.

*

ஐந்து மணி நிகழ்ச்சிக்கு எக்லே நாலரைக்கே வந்துவிட்டாள். தட்டுப் பையோடு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என் அறைக் கதவில் கண்ணாடி உண்டு, அதன் வழியாக என்னைப் பார்க்க முடியும். தலையைச் சீராக வாரி, அதே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தாள். முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவளும் காட்டினாள்.

ரிக்ஸியோ மைக் பக்கம் போகும் முன் என் அறைக்குள் தலையை நீட்டினான்.

"மச்சான், எனக்கு ரெண்டு புள்ளை இருக்கு. பேரை மட்டும் நான் சொல்ல மாட்டேன். 'நம்ம ஊர்ப் பொண்ணு'ன்னு சொல்லிடறேன்."

"பேரைச் சொல்லுடா. பேரைச் சொல்லாம எப்படி ஓட்டுப் போடுவாங்க?"

"நீ சொல்லு அப்ப, வந்து மைக்ல உக்காரு." கையில் ஒரு பென்சிலைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். அப்புறம், "சரி, ஒரு தடவை. வேகமாச் சொல்லிடுவேன்" என்றான்.

இடதுபக்கச் சுழல்மேடையில் எக்லேயின் தட்டை வைத்தேன். ஊசியை முதல் பாட்டின் தொடக்கத்தில் வைத்து நிறுத்தினேன். வலதுபக்கத்தில் அதற்கடுத்து வரவேண்டிய தட்டு. சிவப்புக் கோட்டுக்காரர்களின் புதுக் கைத்தா, அந்த சீசனின் முதல் பாட்டு. மொட்டை மாடிக்குப் போய் டீசலை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்திருந்தேன். விளிம்புவரை இருந்தது.

ஐந்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு போன் அடித்தது. நில்சா.

"எந்தெர், வலி விட்டு விட்டு வருது."

"எப்பலேருந்து?"

"மத்தியானத்துலேருந்து. பயப்படாதே. இங்க கரண்ட் இல்லை, ரேடியோ கேக்க முடியலை. போட்டியா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

"போட்டுட்டு யாரையாவது டாக்ஸி அனுப்பச் சொல்லு. தெருவுல ஒண்ணுகூட இல்லை." கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டாள். அவள் அப்படி மூச்சு விட்டு நான் கேட்டதில்லை. "காலு ஒரு மாதிரி வீங்கியிருக்கு. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. போட்டுட்டு வா."

போனை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிக்ஸியோ பேசிக்கொண்டிருந்தான். நம்ம ஊர்ப் பெண், ஒன்பது வருடம், முதல் தனி ஆல்பம். அவள் பெயரை ஒரே மூச்சில் விழுங்கினாற்போலச் சொன்னான். விரலை நீட்டினான்.

என் இடது கை இடதுபக்கத் தட்டைச் சுற்றவிடாமல் பிடித்திருந்தது. விட்டால் போதும். தட்டு சுற்றும்.

வலதுபக்கத் தட்டை ஓடவிட்டேன்.

முரசு உறுமியது. பதினோரு ஆண் குரல்கள் சேர்ந்து எழுந்தன. பிறகு அந்தப் பத்தொன்பது வயதுக்காரி, எக்லே நின்ற இடத்தில் நின்று, எக்லேயைப் போலவே இழுத்துப் பாடினாள். ரிக்ஸியோ முதலில் விழித்தான், பிறகு பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

தாழ்வாரத்திலும் ஒலிபெருக்கி உண்டு.

எக்லே உள்ளே வந்தாள். மாற்றிப் போட்டுவிட்டேன், தவறிவிட்டது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் இடதுபக்கத் தட்டையும் அதன்மேல் இருந்த என் கையையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"போன்ல நில்சாவா?"

"ஆமா."

"வலியா?"

"ஆமா."

"எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம்?"

"கேக்கலை."

"கேக்கலையா? மடையா." என் கையை விலக்கிவிட்டுத் தட்டை ஓரங்களில் பிடித்து எடுத்தாள். உறையில் போட்டாள். "கீழ என் கார் நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன். நீ டூட்டி முடிச்சுட்டு வா."

"வேண்டாம்" என்றேன்.

வாயிலிருந்து அது வந்துவிட்டது. அவள் நின்றாள்.

"என்ன வேண்டாம்?"

"டாக்ஸி... டாக்ஸிக்குச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டாக்ஸிக்கு எங்கடா போவே? எதுக்கு வேண்டாம்? சொல்லு."

ஒலிபெருக்கியில் கைத்தா ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை நிமிடம்.

"அன்னைக்குக் காலையில டூட்டியில இருந்தது நீதான், இல்ல?" என்றாள்.

நான் மேஜையில் இருந்த பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கையிலிருந்த உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதை இங்கயே வெச்சுட்டுப் போறேன். பையில இருக்கறதையும் இங்கயே கொட்டிடறேன். காருக்குள்ள ஒண்ணுகூட இருக்காது. அப்பக் கூட்டிட்டுப் போகலாமா?"

நிஜமாகவே கேட்டாளா, குத்திக் காட்டினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன்.

துணிப் பையைக் கவிழ்த்தாள். கையில் இருந்ததோடு சேர்த்து ஏழு தட்டுகள். என் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், விளிம்புகள் சரியாக இருக்கும்படி. பிறகு படிகளில் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது.

ரிக்ஸியோ கண்ணாடியைத் தட்டி, அடுத்தது என்ன என்று கேட்டான்.

நிகழ்ச்சி முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. தட்டு ஏழும் கைக்கெட்டின தூரத்தில் இருந்தன. எந்த நிமிடத்திலும் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கலாம். அவள் கார் புறப்பட்டிருக்கும், எங்கள் தெருவுக்குள் திரும்பியிருக்கும், நில்சாவை ஏற்றியிருக்கும், ஆஸ்பத்திரிச் சாலைக்கு வந்திருக்கும் என்று மனசுக்குள் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். அவள் நல்லவள் என்று அப்போது நான் நினைக்கவில்லை. பிரேக் பிடிக்குமா என்றுதான் நினைத்தேன். அந்த வழியிலுள்ள சிக்னல் விளக்குகளை எண்ணினேன். ஐந்து இருந்தன. ரிக்ஸியோ உள்ளே வந்து, ஒரு துண்டை எடுத்துத் தட்டுகளின்மேல் போட்டு மூடிவிட்டுப் போனான். நான் அதை எடுக்கவில்லை.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிரசவ வார்டு வாசலில் எக்லே இல்லை. பதிவேட்டில் அழைத்து வந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் எழுதியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாய்க்கு வலிப்பு வந்திருக்கும், அந்தம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், இப்போதுதான் போனார்கள் என்றாள் நர்ஸ்.

ஆண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு. பத்து விரலும் சரியாக இருந்தன. கத்திக்கொண்டிருந்தான்.

நில்சாவின் முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தாள்.

"வழியில அவகிட்டக் கேட்டேன், பாட்டு ஓடுச்சாடின்னு" என்றாள். "உன் புருஷன்கிட்டயே கேட்டுக்கோன்னுட்டா."

குழந்தையை என் கையில் தந்தார்கள். சூடாக இருந்தான்.

"போட்டியா?" என்றாள் நில்சா.

"போட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகலை."